பணம் இருக்கு... பேரைக் காணோம்!

செல்லுக்குள்ளே – வாராவாரம்

போன மாதம் எங்கள் மாமா மகளுக்குக் கல்யாணம். ஊர், உசிலம்பட்டி பக்கம். தாலி கட்டி, பந்தி முடிந்து, பொண்ணு மாப்பிள்ளையை அனுப்பிவைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மாமா வீட்டுத் திண்ணையில் மொய்ப் பணத்தை எண்ண உட்கார்ந்தோம்.

பெட்டியில் இருந்தது 4,31,000 ரூபாய். மொய் எழுதிய ஆப் காட்டிய மொத்தம் 4,12,500 ரூபாய். இரண்டு தடவை எண்ணினோம். 18,500 ரூபாய் அதிகமாகவே இருந்தது.

"கூடத்தானே இருக்கு மாமா, நல்லதுதானே?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "பணம் இருக்கு ஆத்தா, பேரைக் காணோமே. நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துக்கு நான் என்னத்தைத் திருப்பிச் செய்வேன்? வாங்கிக்கிட்டு மறந்துட்டான்னு ஊரு பேசாதா?"

எங்கள் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு மட்டும் இல்லை. அது செய்முறை. இன்று வாங்கியதை நாளை அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ திருப்பிச் செய்ய வேண்டும். அதனால்தான் மொய் நோட்டை நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். அந்த நோட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால், ஒரு உறவே விட்டுப்போன மாதிரி.

ஆப்பை எழுதியது என் சித்தி மகன். இன்ஜினீயரிங் கடைசி வருடம், கம்ப்யூட்டர் சயின்ஸ். திண்ணை ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, ரெண்டு மாசமா டெஸ்ட் பண்ணேன்க்கா. ஒரு தடவைகூட இப்படி ஆகலை" என்றான்.

அன்று ராத்திரி இரண்டு மணி வரை லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது புரிந்ததுதான் இந்த வாரக் கட்டுரை. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம். மொய் நோட்டு தெரிந்தால் போதும்.

ஐந்நூறு ரூபாய் யாருடையது?

ஒரு குடும்பம் பல விசேஷங்களுக்கு மொய் செய்யும். ஒரு விசேஷத்துக்குப் பல குடும்பங்கள் மொய் செய்யும். இந்தப் பக்கமும் பல, அந்தப் பக்கமும் பல. இதைத்தான் சாஃப்ட்வேர் ஆட்கள் 'மெனி டு மெனி' உறவு என்கிறார்கள்.

நம்மைச் சுற்றி எல்லாமே இப்படித்தான். ஒருவர் பல வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார், ஒரு குரூப்பில் பலர் இருக்கிறார்கள். ஒரு நடிகர் பல படங்களில் நடிக்கிறார், ஒரு படத்தில் பல நடிகர்கள் நடிக்கிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடு, கீரமங்கலம், தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணி பக்கமெல்லாம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மொய் எழுத இடம் தனித்தனி. சாப்பிட வருகிறவர் இவருக்கு ஒரு தொகை, அவருக்கு ஒரு தொகை என்று எழுதிவிட்டுப் போவார். 'மெனி டு மெனி'க்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது.

இப்போது ஒரு கேள்வி. மளிகைக் கடை அண்ணாச்சி மாமா மகள் கல்யாணத்துக்கு 500 ரூபாய் எழுதினார். அந்த 500 எதோடு சேர்ந்த தகவல்?

அண்ணாச்சியோடு சேர்த்து வைக்கலாமா? முடியாது. போன வருடம் காதுகுத்துக்கு அவர் 300 எழுதியிருக்கிறார். கல்யாணத்தோடு சேர்த்து வைக்கலாமா? அதுவும் முடியாது. அதே கல்யாணத்தில் இன்னொருவர் 2,000 எழுதியிருக்கிறார்.

அந்த 500, அண்ணாச்சிக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கிறது. யார், எந்த விசேஷம், எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்த ஒரு வரி அது. மொய் நோட்டில் நாம் எழுதுவதே அந்த வரியைத்தான். நம் தாத்தாக்கள் குடும்பத்துக்கு ஒரு நோட்டு, விசேஷத்துக்கு ஒரு நோட்டு என்று இரண்டு போடவில்லை. மொய்க்கு நோட்டு போட்டார்கள்.

ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அடுக்கும் முறையை 1970-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்றைய பெரும்பாலான டேட்டாபேஸ்களுக்கு அதுதான் அடித்தளம். அந்த முறையில் ஆட்களுக்கு ஓர் அட்டவணை, விசேஷங்களுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்கும் வரிகளுக்கு மூன்றாவதாக ஓர் அட்டவணை. அந்த மூன்றாவதுதான் நம் மொய் நோட்டு.

ரெஸ்ட் என்றால் ஓய்வு இல்லை

தம்பியின் டேட்டாபேஸில் மூன்று அட்டவணையும் இருந்தது. அப்புறம் எங்கே தப்பு? போனுக்கும் சர்வருக்கும் நடுவில் நடக்கும் பேச்சுவார்த்தையில்.

உங்கள் போனில் இருக்கும் ஆப் ஒரு கவுன்ட்டர் மாதிரி. நோட்டு இருப்பது உள் ரூமில், அதாவது சர்வரில். கவுன்ட்டரில் இருப்பவர் உள்ளே சீட்டு அனுப்புவார், உள்ளே இருப்பவர் பதில் அனுப்புவார். அந்தச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பாணி உண்டு. அதன் பெயர் 'ரெஸ்ட்'. ராய் ஃபீல்டிங் என்பவர் 2000-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தப் பெயரை வைத்தார்.

இதில் முக்கியமானது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலாசம் உண்டு என்பது. குடும்பங்கள்/41 என்றால் 41-ம் நம்பர் குடும்பம். விசேஷங்கள்/3 என்றால் மாமா மகள் கல்யாணம். விலாசம் எழுதி, அங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வினைச்சொல் போட வேண்டும். பெரும்பாலும் நான்கு சொற்களிலேயே வேலை முடிந்துவிடும். 'கெட்' என்றால் காட்டு. 'போஸ்ட்' என்றால் புதிதாக ஒன்று சேர். 'புட்' என்றால் இந்த விலாசத்தில் இருப்பது இதுதான் என்று வை. 'டெலிட்' என்றால் எடுத்துவிடு.

தம்பி குடும்பத்துக்கு விலாசம் கொடுத்திருந்தான், விசேஷத்துக்கும் கொடுத்திருந்தான். மொய்க்கு மட்டும் விலாசம் கொடுக்கவில்லை. விசேஷத்தின் வயிற்றுக்குள் ஒரு பட்டியலாக அதைத் திணித்து வைத்திருந்தான். சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

பதினான்கு பெயர் எங்கே போனது?

கல்யாணத்தில் மொய் எழுத இரண்டு மேஜை, இரண்டு போன். ஒவ்வொரு முறையும் ஆப் செய்த வேலை இது: கல்யாணத்தின் முழுப் பட்டியலையும் சர்வரிலிருந்து வாங்கும். கடைசியில் புதுப் பெயரைச் சேர்க்கும். முழுப் பட்டியலையும் 'புட்' போட்டுத் திருப்பி அனுப்பும்.

ஒரு போனில் எழுதினால் பிரச்னை இல்லை. தம்பி இரண்டு மாதம் டெஸ்ட் செய்ததும் ஒரே போனில்தான்.

இரண்டு போனில் என்ன ஆகும்? பட்டியலில் 200 பெயர் இருக்கிறது. முதல் மேஜை அதை வாங்குகிறது. அதே நேரத்தில் இரண்டாவது மேஜையும் அதே 200-ஐ வாங்குகிறது. முதல் மேஜை அண்ணாச்சியைச் சேர்த்து 201 பெயராக அனுப்புகிறது. சர்வர் வைத்துக்கொள்கிறது. அடுத்த நொடி இரண்டாவது மேஜை டெய்லர் கடைக்காரரைச் சேர்த்து 201 பெயராக அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் அண்ணாச்சி இல்லை. சர்வர் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்கிறது.

அண்ணாச்சி போனார். யாரும் அழிக்கவில்லை, எந்த எரர் மெசேஜும் வரவில்லை. இரண்டு போனிலும் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை டிக் வந்தது. மண்டபத்தில் நெட் மெதுவாக இருந்த முகூர்த்த நேரத்தில், கூட்டம் நெரித்தபோது, இப்படி 14 தடவை நடந்திருக்கிறது.

இன்னொரு தப்பும் கண்டுபிடித்தோம். குடும்பத்தின் பக்கம் திறந்தால் அவர்கள் செய்த மொய் தெரிய வேண்டும் என்பதற்காக, தம்பி அங்கேயும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தான். ஒரே தகவல் இரண்டு இடத்தில். ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும். முந்தின மாதம் மாமா ஒரு தொகையைத் திருத்தச் சொன்னபோது, விசேஷப் பக்கத்தில் மட்டும் திருத்தியிருக்கிறான். அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் 1,000, காதுகுத்துப் பக்கத்தில் 1,500. எது உண்மை என்று இனி ஆப்பால் சொல்ல முடியாது.

மொய்க்கும் ஒரு விலாசம்

விடிவதற்குள் தம்பி மாற்றி எழுதிவிட்டான். மாற்றம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: மொய்கள் என்று தனியாக ஒரு விலாசம். மொய்கள்/215 என்றால் ஒரு வரி. அதற்குள் குடும்பம் 41, விசேஷம் 3, தொகை 500, எழுதிய நேரம், எந்த மேஜை என்ற விவரங்கள்.

இதனால் என்ன ஆனது?

முதலில், யாரும் முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு மேஜையும் தன் வரியை மட்டும் அனுப்பும். ஒருவர் அனுப்புவது இன்னொருவர் அனுப்பியதைத் தொடாது.

அடுத்து, விசேஷங்கள்/3/மொய்கள் என்று கேட்டால் கல்யாணத்துக்கு வந்த மொய் எல்லாம் வரும். குடும்பங்கள்/41/மொய்கள் என்று கேட்டால் அண்ணாச்சி இதுவரை செய்தது எல்லாம் வரும். இரண்டும் வேறு வேறு பட்டியல் இல்லை. ஒரே நோட்டை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது. ஓர் இடத்தில் திருத்தினால் இரண்டு பக்கமும் சரியாகத் தெரியும்.

மூன்றாவது, எதை அழிக்கிறோம் என்பது தெளிவாகிவிட்டது. மொய்கள்/215-ஐ 'டெலிட்' செய்தால் அந்த ஒரு வரி மட்டும் போகும். அண்ணாச்சியும் இருப்பார், கல்யாணமும் இருக்கும். குடும்பங்கள்/41-ஐயே அழிக்கச் சொன்னால், "இந்தப் பெயரில் இன்னும் மொய் இருக்கிறது, அழிக்க முடியாது" என்று சர்வர் மறுத்துவிடும்.

இது தம்பி புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. நீங்கள் தினமும் பயன்படுத்தும் யூடியூபிலேயே இருக்கிறது. ஒரு பாட்டைப் பல பிளேலிஸ்ட்டில் போடலாம், ஒரு பிளேலிஸ்ட்டில் பல பாட்டு போடலாம். யூடியூப் தன் சர்வீஸில் வீடியோவுக்கு ஒரு விலாசம், பிளேலிஸ்ட்டுக்கு ஒரு விலாசம் கொடுத்ததோடு நிற்கவில்லை. 'இந்த வீடியோ இந்தப் பிளேலிஸ்ட்டில் இருக்கிறது' என்ற விஷயத்துக்கே 'பிளேலிஸ்ட் ஐட்டம்' என்று பெயர் வைத்துத் தனி நம்பர் கொடுத்திருக்கிறது. எத்தனையாவது இடம், எப்போது சேர்த்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பிளேலிஸ்ட்டிலிருந்து பாட்டை எடுக்கும்போது அந்த ஐட்டம்தான் போகிறது. பாட்டு அதன் இடத்திலேயே இருக்கிறது.

இரண்டு தடவை அழுத்தினால்?

"அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான் தம்பி. நெட் மெதுவாக இருந்தால் நாம் என்ன செய்வோம்? பட்டனை மறுபடி அழுத்துவோம். 'போஸ்ட்' என்றால் புதிதாக ஒன்று சேர் என்று அர்த்தம். இரண்டு தடவை போனால் இரண்டு வரி விழுந்துவிடலாம். அண்ணாச்சி எழுதாத 500-க்கும் மாமா திருப்பிச் செய்ய வேண்டி வரும்.

'புட்' அப்படி இல்லை. இந்த விலாசத்தில் இதுதான் இருக்க வேண்டும் என்று சொல்வது அது. பத்துத் தடவை சொன்னாலும் பலன் ஒன்றுதான். புரோகிராமர்கள் உபயோகிக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு புராஜெக்ட்டுக்கு ஸ்டார் கொடுப்பது இந்த முறையில்தான். ஸ்டார் கொடுக்கும் கோரிக்கை எத்தனை தடவை போனாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டார்தான்.

"அப்போ மொய்க்கும் ஒரு ஆளுக்கு ஒரு விசேஷத்துக்கு ஒரு வரின்னு வெச்சிடலாமே?" என்று கேட்டேன்.

அதுவரை தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த மாமா, கட்டிலில் படுத்தபடியே பதில் சொன்னார். "அதெப்புடி? 500 எழுதிட்டுப் போவாக. வீட்டுல அந்தம்மா, 'நமக்கு அவுக ஆயிரமுல்ல செஞ்சாக'ன்னு சொல்லும். திரும்பி வந்து இன்னொரு 500 எழுதுவாக. ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதணும்."

தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புரோகிராம் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் மாமாவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஸ்டார் கொடுப்பதில் ஒரு ஆளுக்கு ஒன்றுதான். பிளேலிஸ்ட்டில் ஒரே பாட்டை இரண்டு தடவை போடலாம், ஐட்டம் நம்பர் வேறு வேறாக இருக்கும். மொய் இதில் எந்த ரகம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மொய் எழுதியவருக்குத்தான் தெரியும்.

வழியையும் மாமாவே சொன்னார். "நன்கொடை ரசீது புக்குல நம்பர் முன்னாடியே அடிச்சிருக்கும்ல மாப்ள, அந்த மாதிரி வையி."

அதைத்தான் செய்தான். ஒவ்வொரு மேஜைக்கும் தனி ரசீது வரிசை. முதல் மேஜைக்கு அ-1, அ-2. இரண்டாவது மேஜைக்கு ஆ-1, ஆ-2. நம்பரை சர்வர் கொடுக்காது. எழுதும்போதே போன் எடுத்துக்கொள்ளும். மொய்கள்/ஆ-57 என்ற விலாசத்துக்கு 'புட்' போடும். நெட் தடுமாறி அதே சீட்டு மூன்று தடவை போனாலும் ஆ-57 ஒன்றுதான். அண்ணாச்சி திரும்பி வந்து இன்னொரு 500 எழுதினால் அது ஆ-80. நிஜமாகவே இரண்டு மொய் என்றால் இரண்டு நம்பர். விரல் இரண்டு தடவை பட்டதென்றால் ஒரே நம்பர்.

உங்கள் போனுக்கு மூன்று விஷயம்

ஆப் எழுதாதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு.

1. 'பட்டியலிலிருந்து நீக்கு' வேறு, 'அழி' வேறு. போட்டோவை ஆல்பத்திலிருந்து நீக்குவது உறவை மட்டும் வெட்டுவது. போட்டோவை அழிப்பது பொருளையே எடுப்பது. பேரன் பிறந்தநாள் போட்டோவில் கை வைக்கும் முன் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒரு தடவை படியுங்கள்.

2. பணம் கட்டும்போது திரை சுற்றிக்கொண்டே நின்றால், மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, போயிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஆப்பும் ஒரே நம்பரில் சீட்டு அனுப்பும் என்று சொல்ல முடியாது.

3. ஒரு பட்டியலை இரண்டு பேர் இரண்டு போனில் எழுதும் வேலை என்றால், நிஜ வேலைக்கு முன்னால் இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் அழுத்திச் சோதித்துப் பாருங்கள். குலுக்கல் சீட்டு, அபார்ட்மென்ட் வசூல், கோயில் வரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பெயர் கிடைத்ததா?

மறுநாள் காலையில் தேட ஆரம்பித்தோம். முதல் மேஜையில் உட்கார்ந்த பெரியப்பா, ஆப்பை நம்பாமல் நோட்டிலும் எழுதியிருந்தார். அதை வைத்து 8 பெயர், 11,000 ரூபாய் கிடைத்தது. இரண்டாவது மேஜையில் நோட்டு இல்லை. கவரில் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் 3 பேர், 4,500 ரூபாய்.

மீதியை யாரிடம் கேட்பது? "நீங்க மொய் எழுதினீகளா?" என்று ஒருவரிடம் கேட்க முடியுமா? அத்தைதான் போனை எடுத்தார். "சாப்பாடு எப்புடி இருந்துச்சு, பந்தியில உக்கார இடம் கிடைச்சுதா" என்று ஆரம்பித்து, பேச்சோடு பேச்சாக இரண்டு பெயர், 2,500 ரூபாயைக் கொண்டுவந்து சேர்த்தார். எந்த ஆப்பாலும் முடியாத வேலை.

கடைசி 500 ரூபாய்க்கு இதுவரை பெயர் கிடைக்கவில்லை. ஆப்பில் பெயர் இல்லாமல் மொய் ஏறாது. அதனால் மாமா பெரியப்பாவின் நோட்டை வாங்கி, கடைசி வரியில் தன் கையாலேயே எழுதினார்: 'பேர் தெரியவில்லை – 500'.

தம்பி மூஞ்சி சுருங்கிப்போனது. மாமா அவன் தோளில் தட்டினார். "விடு மாப்ள. வைகாசியில சின்னவனுக்கு காதுகுத்து வெச்சிருக்கேன். உன் ஆப்புலதான் எழுதுறோம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரெண்டு மேஜைக்கும் நோட்டு வாங்கி வெச்சிரு ஆத்தா" என்றார்.